எந்த ஊர் என்று கேட்கவில்லை

காலை ஏழே காலுக்கு, மூன்று பெட்டிகளோடு, ஃப்ளோரா இந்த வாசலில் வந்து இறங்கினாள். போன நவம்பரில். நீங்கள் இப்போது செருப்பை விட்டீர்களே, அதே இடத்தில்தான் பெட்டிகளை வைத்தாள்.

உட்காருங்கள். மாடியைப் பிறகு காட்டுகிறேன். நான் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை மொட்டைமாடி வரை ஏறி இறங்குகிறவன், எனக்கு ஒன்றும் சிரமமில்லை. முதலில் காபி குடியுங்கள். நான் போட்டது, சுமாராகத்தான் இருக்கும். என் மனைவி சுலோசனா சனிக்கிழமைகளில் வீட்டில் இருப்பதில்லை. காலையில் போனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வருவாள்.

நீங்கள் தஞ்சாவூர்ப் பக்கம்தானே? சொல்லாதீர்கள், சொல்லாதீர்கள். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். செம்பாக்கத்தில் யாரையும் கேட்டுப்பாருங்கள், கோதண்டபாணி என்றால் தெரியாது, டி.டி.ஆர் சார் என்றால் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவார்கள். ஒரு பெட்டிக்குள் ஏறினால் போதும், யாரிடம் டிக்கெட் இல்லை, யார் அடுத்தவர் பெயரில் பயணம் செய்கிறார், யார் எந்த ஸ்டேஷனில் இறங்கப்போகிறார், எல்லாம் முகத்திலேயே எழுதியிருக்கும். இது ஒரு பழக்கம். படிப்பால் வருவதில்லை.

மாடி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டீர்கள். எதிர்வீட்டில் கேட்டால் ஒரு மாதிரி சொல்வார்கள். முனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கிற ஏழுமலை இன்னொரு மாதிரி சொல்வான். குடிவரப் போகிறவர் நீங்கள். என்னிடமே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து பேசினார்கள். எங்கள் நர்ஸ் ஒருவருக்கு வீடு வேண்டும், பெயர் ஃப்ளோரா, நாங்களே வாடகைக்குப் பொறுப்பு என்றார்கள். நான் ஒரே ஒரு நிபந்தனை போட்டேன். தனி ஆளாக இருக்க வேண்டும். சரி என்றார்கள். நல்ல நாள் பார்த்து வரச்சொன்னேன். வந்து நின்றதைப் பார்த்தேன். சப்பை மூக்கு, இடுங்கின கண், மஞ்சள் நிறம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. குவாஹாட்டி போகிற வண்டியில் எத்தனை ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறேன்!

சுலோசனா உள்ளேயிருந்து வந்தாள். அவளிடம் சொன்னேன், "பாரு, மணிப்பூர். இல்லாட்டி மிசோரம். நாயி, பூனை எதுவும் நம்ம வீட்டு அடுப்புல ஏறக்கூடாதுன்னு இப்பவே சொல்லிடணும். அதை இந்தியில எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிக்கிறேன்."

"சும்மா இருங்க. அந்தப் பொண்ணு எதிர்லயே நிக்குது."

"நிக்கட்டுமே. அதுக்கு என்ன புரியப்போகுது?"

பிறகு அவள் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னேன். மேலே வீடு, தண்ணீரை வீணாக்காதே, மோட்டார் போட்டால் நிறுத்த மறக்காதே, மாமிசம் சமைத்தால் ஜன்னலை மூடிக்கொள். எனக்கு இந்தி நன்றாக வரும். வேலையில் சேர்ந்த புதிதில் பயிற்சிக்கு ஜபல்பூரில் போட்டிருந்தார்கள். நான் குடியிருந்த வீட்டுக்காரி என் முகத்துக்கு எதிரே அவள் மருமகளிடம் பேசுவாள். "இந்தக் கறுப்பு மதராஸி தொட்ட டம்ளரைத் தனியாக வை" என்பாள். எனக்கு இந்தி புரியாது என்று நினைப்பு. எனக்கு எல்லாம் புரியும். வாயைத் திறக்கவில்லையே நான்! காலி செய்கிற நாள் வரை ஒரு வார்த்தை காட்டிக்கொள்ளவில்லை. அதெல்லாம் ஒரு வைராக்கியம். அது கிடக்கட்டும், ஃப்ளோராவைப் பற்றித்தானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் பேசி முடிக்கும்வரை அவள் பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். என்னையே பார்த்தாள். பிறகு, "டீக் ஹை, சார்" என்றாள், சரி என்று. இந்தியில்தான் சொன்னாள். நன்றாகக் கவனியுங்கள். இந்தியில்.

அவள் சொல்லியிருக்கலாம். அப்போதே, அந்த வாசலிலேயே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

குடிவந்த பிறகு நான் கவனிக்கத்தான் செய்தேன். வீட்டுக்காரன் கவனிக்காமல் இருக்க முடியுமா? நர்ஸ் என்றுதான் சொன்னார்கள். ஆனால் சில நாள் விடியற்காலையில் வேனில் வந்து இறங்குவாள். வேன் ஓட்டுகிறவன் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டு இருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியிலிருந்து தமிழில் கீர்த்தனை கேட்கும். டி.வி. பெட்டியில் ஏதோ சானலை வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன். தினமும் தமிழ்ப் பேப்பர் வாங்கினாள். ஏழுமலைகூடக் கேட்டான், "சார், அந்தம்மா தமிழ்ப் பேப்பர் வாங்குது?" என்று. "அலமாரியில விரிக்க வாங்கும்டா, இல்லாட்டி படம் பார்க்கும்" என்றேன்.

ஒரு நாள் மாடியிலிருந்து வாசனை வந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. எங்கள் வீட்டிலேயே மாதம் இரண்டு தடவை வைப்பதுதான், அந்த வாசனை எனக்குத் தெரியாதா? ஆனால் அவள் வீட்டிலிருந்து வந்ததால் அது கருவாடாக இருக்கும் என்று தோன்றவில்லை. ஏதோ புளிக்கவைத்து மண்ணில் புதைத்து எடுப்பார்களாமே, அது என்று நினைத்தேன். ஜன்னலைச் சாத்தினேன். சுலோசனா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்தச் சமயத்தில் தெருவில் இருந்த பழுப்பு நாய் காணாமல் போனது. எனக்குத் தோன்றியதை நான் சொன்னேன். எதிர்வீட்டில் சொன்னேன், ஏழுமலையிடம் சொன்னேன், அவ்வளவுதான். பத்து நாள் கழித்து அந்த நாய் எதிர்வீட்டுக் கார் ஷெட்டிலிருந்து ஆறு குட்டிகளோடு வெளியே வந்தது. ஏழுமலை சிரிசிரியென்று சிரித்தான். "சார், உங்க கேஸ் உயிரோட வந்துடுச்சி!" என்றான். நானும் சிரித்தேன். நாய் விஷயத்தில் நான் நினைத்தது தப்பாகப் போனது, ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைதானே? அந்தப் பையைப் பார்த்தாலே தெரிகிறதே. சரி, சரி, கேளுங்கள்.

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் கேக் டப்பாவோடு கீழே வந்தாள். புதுச் சேலை கட்டியிருந்தாள். நான் இந்த நாற்காலியில், சுலோசனா அந்தக் கதவோரம். டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள். கையைப் பிசைந்தாள். "சார், ஏக் பாத்..." என்று ஆரம்பித்தாள், ஒரு விஷயம் என்று. ஏதோ கேட்க வந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் சுலோசனாவிடம் தமிழில் சொன்னேன்.

"கேக்கு எதுக்குன்னு தெரியுதா? கூட யாரையோ கொண்டாந்து வைக்கப் பாக்குது. ஒண்ணுக்கு இடம் கொடுத்தா பத்துப் பேர் வந்து வரிசையாப் படுத்துக்குவாங்க. இதுங்களோட வழக்கமே அதுதான். முடியாதுன்னு முகத்துல அடிச்ச மாதிரி சொல்லிடப் போறேன்."

சுலோசனா, "ஐயோ, வாயை மூடுங்களேன்" என்றாள்.

நான் ஃப்ளோராவைப் பார்த்து, "ஹாங், போலோ" என்றேன். என்ன, சொல்லு என்று மரியாதையாகத்தான் கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். "குச் நஹீ, சார்" என்றாள். ஒன்றுமில்லையாம். போய்விட்டாள். பார்த்தாயா, நான் முகத்தை வைத்துக்கொண்ட தோரணையிலேயே ஓடிவிட்டாள் என்று சுலோசனாவிடம் பெருமையாகச் சொன்னேன். அந்தக் கேக்கில் நானே பெரிய துண்டாக எடுத்துக்கொண்டேன். பிளம் கேக். நன்றாக இருந்தது.

அவள் கேட்க வந்தது அவள் மகளைப் பற்றி.

ஆமாம், மகள். பெனிட்டா. ஆறு வயது. அப்பா கப்பலில் சமையல்காரர், வருடத்தில் பாதி நாள் கடலில். இவளுக்கு ஷிப்ட் வேலை. அதனால் கைக்குழந்தையிலிருந்து அந்தப் பிள்ளை அப்பாவுடைய அக்கா வீட்டில் வளர்ந்தது. அத்தை என்று கூப்பிடாமல் அம்மா என்றே கூப்பிட்டு வளர்ந்தது. நம் வீடுகளில் நடப்பதுதானே, வளர்க்கிறவர்களைத்தான் பிள்ளை அம்மா என்று சொல்லும். பெற்றவள் மாதத்தில் நாலு நாள் வந்துபோகிற விருந்தாளி. இவளை மம்மி என்று கூப்பிடும், அதுவும் மனசு வந்தால். பிள்ளையை இனிமேலாவது தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும், பக்கத்திலேயே பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்றுதான் இந்த வீட்டுக்கே வந்திருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

சுலோசனாவுக்கு முன்பே தெரியும். அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. குடிவந்த இரண்டாவது வாரமே தெரியுமாம். மொட்டைமாடியில் சுலோசனா துணி உலர்த்தியிருக்கிறாள், மழை இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. ஃப்ளோரா எல்லாத் துணியையும் அள்ளி மடித்துக்கொண்டு படியிறங்கி வந்து, "ஆன்ட்டி, மழை வர்ற மாரி கீது, அதான் எடுத்தாந்தேன்" என்றாளாம். சுலோசனா அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். வாசலில் நான் பேசினது எல்லாம் நினைவுக்கு வந்து, "அம்மா, தப்பா நினைச்சுக்காதே" என்று அழுதிருக்கிறாள். "உடுங்க ஆன்ட்டி. ஆஸ்பத்திரியில, பஸ்ல, தெனம் நாலு பேரு இப்டிதான். எல்லாருக்கும் பதில் சொல்லினு இருந்தா நான் எப்ப வேலைக்குப் போறது?" என்றாளாம். "சார்கிட்ட சொல்லாதீங்க. அவராக் கேக்கட்டும்" என்றாளாம்.

நானாகக் கேட்க வேண்டுமாம். ஆறு மாதம் என் வீட்டில் இரண்டு பொம்பளைகள் சேர்ந்து எனக்குத் தெரியாமல் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு, நான் வெளியே போனதும் மாடியில் உட்கார்ந்து கருவாடும் அத்தோ நூடுல்ஸும் சாப்பிட்டுப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இவளாவது சொல்லியிருக்கலாம். கட்டின மனைவி சொல்லியிருக்கலாம் இல்லையா?

மே மாதம் சுலோசனா அவளிடம், "நீ கூட்டிட்டு வாம்மா. வீட்ல பாதி என் பேர்ல இருக்கு. அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டாள். என்னிடம் சொல்ல ஒரு நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தாளாம். சமயம் வருவதற்குள் பிள்ளை வந்துவிட்டது.

அது மே மாதம் இருபத்தைந்தாம் தேதி, சனிக்கிழமை. அதற்கு முன்னாலிருந்தே வாட்ஸ்அப்பில் ஒரே செய்தி. வடக்கிலிருந்து கும்பல் வந்திருக்கிறது, பிள்ளைகளைத் தூக்குகிறார்கள், உஷார் என்று. உங்களுக்கும் வந்திருக்குமே. எங்கள் தெருவுக்கு ஒரு குழு இருக்கிறது, நான்தான் அட்மின். வந்ததையெல்லாம் நானும் அனுப்பினேன். நாலு பேருக்கு நல்லதுதானே என்றுதான் அனுப்பினேன்.

காலை பதினோரு மணி இருக்கும். மோட்டாரைப் போட்டுவிட்டு, டேங்க் எவ்வளவு ரொம்பியிருக்கிறது என்று பார்க்க மொட்டைமாடிக்குப் போனேன். தெருவைப் பார்த்தேன். பஸ் ஸ்டாப் பக்கமிருந்து ஃப்ளோரா வருகிறாள். ஒரு கையில் பை. இன்னொரு கையில் ஒரு சின்னப் பெண் பிள்ளையின் கை. பிள்ளை நல்ல கறுப்பு. இரட்டைப் பின்னல், பூ வைத்திருக்கிறது. அசல் நம் வீட்டுப் பிள்ளை. வர மாட்டேன் என்று தெருவில் உட்கார்ந்துகொண்டு அழுகிறது. "அம்மாகிட்ட போணும், அம்மாகிட்ட போணும்" என்று அது கத்துவது மொட்டைமாடி வரை கேட்கிறது. இவள் அதைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வருகிறாள். என் வீட்டைப் பார்த்து வருகிறாள்.

நீங்களே சொல்லுங்கள். என் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்?

போட்டோ எடுத்தேன். குழுவில் போட்டேன். 'பிள்ளை பிடிப்பவளா?' என்று ஒரே வரி. கேள்விக்குறி போட்டுத்தான் அனுப்பினேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

இஸ்திரி வண்டிக்கிட்டே மறித்துவிட்டார்கள். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள், ஒரு ஆட்டோக்காரர், எதிர்வீட்டு மாப்பிள்ளை, யார் யாரோ. முதலில் இந்தியில் அதட்டினார்கள். அவள் தமிழில் கத்தினாள். மேலிருந்து எனக்கு நன்றாகக் கேட்டது.

"இன்னா பேசுறீங்க நீங்க? என் பொண்ணு இது! நான் பெத்த பொண்ணு! வழிய உடுங்க!"

தமிழ். அதுவும் வடசென்னைத் தமிழ். கூட்டம் ஒரு நிமிடம் அடங்கிவிட்டது. அப்போது ஒரு பையன் சொன்னான், "பார்றா, தமிழ் எல்லாம் நல்லாக் கத்துக்கினுதான் வந்திருக்காளுங்க." அவ்வளவுதான். மறுபடி சத்தம் எழுந்தது.

ஆட்டோக்காரர் நல்ல மனிதர். குனிந்து பிள்ளையிடம் கேட்டார், "பாப்பா, அழாத. இவங்க யாரு? உங்கம்மாவா?"

பிள்ளை அவளைப் பார்த்தது. பயத்தில் இருந்தது, கோபத்திலும் இருந்தது. இல்லை என்று தலையை ஆட்டியது. "எங்கம்மா வூட்ல கீது" என்றது.

அதைக் கேட்டதும் ஃப்ளோரா சத்தம் போடுவதை நிறுத்திவிட்டாள். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அடித்தபோது நிறுத்தினாள் என்றால் புரியும். அதற்கு முன்பே நிறுத்திவிட்டாள்.

பிறகு தலைமுடியைப் பிடித்தார்கள். போனை எடுத்துப் போட்டோவைக் காட்டப் போனாள், அதைப் பிடுங்கி எறிந்தார்கள். பிள்ளையை ஒருவன் தூக்கிக்கொண்டான், அது இப்போதுதான் "மம்மி, மம்மி" என்று அலறியது. யார் காதில் விழும்? ஏழுமலை ஒருவன்தான், "அடிக்காதீங்கப்பா, அது டி.டி.ஆர் சார் வீட்டு மாடியில இருக்கறது" என்று குறுக்கே விழுந்தான். விழுந்துகொண்டே என்னைப் பார்த்துக் கத்தினான்.

"சார்! சொல்லுங்க சார்! உங்க வீட்ல இருக்கறவங்கதானே?"

எல்லாரும் நிமிர்ந்து மேலே பார்த்தார்கள். அவளும் பார்த்தாள்.

நான் சொன்னேன், "மாடியில குடியிருக்கறது அதுதான். ஆனா குழந்தை யாருதுன்னு எனக்குத் தெரியாது."

உண்மையைத்தானே சொன்னேன்? தெரியாது என்றால் தெரியாது என்றுதானே சொல்ல முடியும்? பொய் சொல்லவில்லையே நான்.

காபி ஆறுகிறது, குடியுங்கள்.

சுலோசனா தோசைமாவுக் கையோடு ஓடினாள். ஐம்பத்தெட்டு வயது, சர்க்கரை, அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கூட்டத்துக்குள் புகுந்து ஃப்ளோராவைக் கட்டிக்கொண்டாள். ஃப்ளோராவின் முடி, முகம், சேலை எல்லாம் மாவு. "எம் பொண்ணுடா இவ! தொட்டீங்க, கையை ஒடிச்சிடுவேன்! பெனிட்டாவைக் கொடுடா!" என்று கத்தினாள். அந்தப் பெயரையே அப்போதுதான் முதல் தடவையாகக் கேட்கிறேன். எதிர்வீட்டு மாப்பிள்ளை, "ஆன்ட்டி, அங்கிள்தானே போட்டோவே போட்டாரு" என்றார். சுலோசனா திரும்பி மேலே பார்த்தாள்.

நான் இறங்கி வந்தேன். எனக்கு முட்டிவலி உண்டு. படியிறங்கக் கொஞ்சம் நேரமாகும். நான் வந்து சேர்ந்தபோது போலீஸ் வண்டி வந்துவிட்டிருந்தது.

ஸ்டேஷனில் பெஞ்சில் அவள், பக்கத்தில் சுலோசனா, தள்ளி நான். பிள்ளை சுலோசனா மடியில். சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயசுப் பையன். வந்து உட்கார்ந்தார், தொப்பியைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார். முதல் கேள்வி என்ன கேட்டார் தெரியுமா?

"எந்த ஊரும்மா?"

"வியாசர்பாடி சார்."

"பூர்வீகமே அதானா?"

"எங்க தாத்தா ராம்நாட் ஜில்லா சார். பர்மாவுக்குப் பொழைக்கப் போனவரு. அங்கயே ஆயாவைக் கட்டிக்கினாரு, ஆயா பர்மாக்காரங்க. அறுபத்து நாலுல நம்மாளுங்களை அங்கேர்ந்து அனுப்பிட்டாங்களே, அப்ப கப்பல்ல வந்தாங்க. எங்கம்மா கைக்கொழந்தை. நான் பொறந்தது, படிச்சது, கட்டிக்கினு போனது, எல்லாம் வியாசர்பாடிதான்."

"ஓ, பர்மாக் காலனியா? எங்க சித்தப்பா வூடு அங்கதான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். முடிந்துவிட்டது. ஒரு கேள்வி. அந்தப் பையனுக்கு என் சர்வீஸ் அளவுக்கு வயதுகூட இருக்காது.

நாத்தனார் மெர்சி ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள். பிள்ளை "அம்மா!" என்று ஓடி அவளைக் கட்டிக்கொண்டது. ஃப்ளோரா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புகார் கொடுக்கிறாயாம்மா என்று கேட்டார்கள். "இன்னான்னு கொடுக்கறது சார்? என் பொண்ணே இல்லைன்னுச்சே" என்றாள். பிறகு, "நாளைக்குக் காலைல டூட்டி இருக்கு" என்றாள்.

நான் தனியாக நடந்து வீட்டுக்கு வந்தேன். அவர்கள் ஆட்டோவில் எனக்கு முன்னால் வந்திருந்தார்கள். வாசலெல்லாம் தண்ணீர். டேங்க் வழிந்து, படியில் இறங்கி, தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. ஃப்ளோரா கேட்டருகே நின்றிருந்தாள். கீழுதடு வீங்கியிருந்தது. மாவு காய்ந்து முடியில் ஒட்டியிருந்தது. ஏதாவது சொல்வாள் என்று நின்றேன். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சார், மோட்டார் ஓடினுகீது. காலைலேர்ந்து ஆஃப் பண்ணலை" என்றாள்.

ஆறு மாதத்தில் அவள் என்னிடம் தமிழில் சொன்னது அது ஒன்றுதான்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. சுலோசனாவிடம் சண்டை போட்டேன், உண்மைதான். ஏன் சொல்லவில்லை, அவளாவது சொல்லியிருக்கலாமே, நீயாவது சொல்லியிருக்கலாமே என்று. அவள் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

"பஸ்ல பக்கத்துல உக்கார்றவன், பால்காரன், கேஸ் கொண்டுவர்ற பையன், பிச்சை கேட்டு வர்றவன், யாரைப் பார்த்தாலும் 'எந்த ஊருப்பா'ன்னு கேக்குற மனுஷன் நீங்க. அந்தப் பொண்ணை மட்டும் கேக்கலை. ஆறு மாசம். ஒரு தடவை கேக்கலை."

தெரியும் என்று நினைத்தேன். தெரிந்ததை எதற்குக் கேட்பது?

குழுவில் எழுதினேன். 'காலையில் அனுப்பியது தவறான தகவல். மன்னிக்கவும்.' உடனே வரிசையாகக் கட்டைவிரல் படம் வந்தது. எதிர்வீட்டு மாப்பிள்ளை எழுதினார், 'பரவாயில்லை அங்கிள், உஷாரா இருந்ததுல தப்பில்லையே.' படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. ஆறுதலாக இருந்தது பாருங்கள், அதை நினைத்தால்தான் இப்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மறுநாள் மாடிப்படி வரை போனேன். மன்னிப்புக் கேட்கத்தான். என்ன மொழியில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தமிழில் ஆரம்பித்தால், முதல் நாளிலிருந்து நான் தமிழில் சொன்னதெல்லாம் நடுவில் வந்து நிற்கும். கேக் சாப்பிட்டது வரைக்கும். பாதிப் படியில் நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அடுத்த வாரமே அவள் காலி செய்துவிட்டாள். நான் அந்த நேரத்துக்கு வங்கியில் வேலை இருக்கிறது என்று வெளியே போய்விட்டேன். வங்கியில் ஒரு வேலையும் இல்லை.

சுலோசனா சனிக்கிழமை எங்கே போகிறாள் என்று கேட்கிறீர்களா? வியாசர்பாடிக்குத்தான். பிள்ளைக்கு முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு போவாள். என்னைக் கூப்பிட்டதில்லை. நானும் வருகிறேன் என்று சொன்னதில்லை. அவள் வந்ததும், எல்லாரும் சௌக்கியமா என்று கேட்பேன். ம் என்பாள்.

வாருங்கள், மாடியைப் பார்க்கலாம். தண்ணீர்ப் பிரச்சினை கிடையாது. நல்ல காற்று வரும். உங்களைப் போல நல்ல குடும்பமாக யாராவது வந்தால்... இல்லை, இருங்கள். நான் ஒன்றும் கேட்கவே இல்லையே.

உங்களுக்கு எந்த ஊர்?

அப்படியா? நான் தஞ்சாவூர் என்று சொன்னேன், பாருங்கள். வேலையும் கம்ப்யூட்டர் இல்லையா? சரி. சரி.

படி வழுக்கும், பார்த்து வாருங்கள். என்ன கேட்டீர்கள்? அந்தப் பிள்ளையா? இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்குச் சொல்லிவைத்திருந்த இடத்தை அவர்கள் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். ஃப்ளோரா இப்போது மருத்துவமனை விடுதியில் இருக்கிறாள், அங்கே பிள்ளைகளை வைத்துக்கொள்ள அனுமதியில்லை.

ஜூன் மாதம் பத்தாம் தேதி, திங்கட்கிழமை, பள்ளிகள் திறந்தன. பெனிட்டாவை அவள் அத்தை மெர்சி வியாசர்பாடியில் பழைய பள்ளிக்கூடத்திலேயே இரண்டாம் வகுப்பில் கொண்டுபோய் விட்டாள்.